கதவைத் திறந்தது யார்?

‘ஏலியன்’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, கேனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு ஜந்து வெளியே வரும் சாப்பாட்டு மேசைக் காட்சி. அதற்கு முன்னால், வெறும் பேச்சாகவே நடக்கும் இன்னொரு காட்சி இருக்கிறது. கேனின் முகத்தில் ஏதோ ஒன்று அப்பிக்கொண்டிருக்கிறது. கேப்டன் டாலஸும் லாம்பர்ட்டும் அவரைச் சுமந்துகொண்டு கப்பலின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறார். வெளியிலிருந்து உயிர் ஏதும் ஒட்டிக்கொண்டு வந்தால் 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி. அதற்குள் கேன் செத்துப்போவார் என்கிறார் டாலஸ். உள்ளே விட்டால் எல்லோருமே சாகலாம் என்கிறார் ரிப்ளி. கேப்டன் கட்டளையிட்டும் அவர் அசையவில்லை. அறிவியல் அதிகாரி ஆஷ், சத்தமில்லாமல் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிடுகிறார்.

இந்த நான்கு பேரில் ஒருவரும் அசடு இல்லை. கூட வேலை பார்ப்பவன் சாகக் கிடக்கும்போது யாரும் பேசுவதைத்தான் டாலஸ் பேசுகிறார். ரிப்ளி பேசுவது சட்டம். லாம்பர்ட்டுக்கு எப்படியாவது உள்ளே போய்விட்டால் போதும். ஆஷுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது பின்னால்தான் தெரியும். முதல் முறை படம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ‘திறந்து தொலையேன்’ என்று மனதுக்குள் ரிப்ளியைத் திட்டியிருப்பார்கள். தப்பு செய்தவர்களின் பட்டியலில் பார்வையாளரையும் சேர்த்துவிடுகிற காட்சி இது.

அறிவியல் புனைவும் திகிலும் கலந்த படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் எழும் புகார் ஒன்றுதான்: இவ்வளவு படித்தவர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? பேய்ப் படத்தில் நள்ளிரவில் விளக்கில்லாமல் மாடியேறும் கதாநாயகியை நாம் மன்னித்துவிடுவோம். கோடிக்கணக்கில் செலவழித்து அனுப்பப்பட்ட விஞ்ஞானி முன்பின் தெரியாத ஜந்துவைத் தொட்டுப் பார்த்தால் மன்னிக்க மாட்டோம். புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன்’ என்பது இதற்குச் சரியான அளவுகோல் ஆகாது. நாம் நாற்காலியில் சாய்ந்திருக்கிறோம். போஸ்டரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறோம். பாத்திரத்துக்கு அந்த நிமிடத்தில் என்ன தெரியும், யாருக்கு அது பதில் சொல்ல வேண்டும், எத்தனை நேரமாகத் தூங்கவில்லை, கூலி எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்ட பிறகே தீர்ப்பு சொல்ல முடியும். அப்படிப் பார்த்தால் கேள்வி சுருங்கிவிடும்: நடந்த தப்பு பாத்திரத்தினுடையதா, திரைக்கதை எழுதியவருடையதா?

ரிட்லி ஸ்காட் இயக்கி 1979-இல் வெளிவந்த ‘ஏலியன்’ இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. காரணம், அதன் பாத்திரங்கள் வீரர்களோ விஞ்ஞானிகளோ அல்லர். சரக்கு ஏற்றிப் போகும் தொழிலாளிகள். நாஸ்ட்ரோமோ 2 கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்பும் கப்பல். உறக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும் பார்க்கரும் பிரெட்டும் கிளப்புகிற முதல் பேச்சே போனஸ் பற்றியது. என்ஜின் அறையில் வேலை செய்யும் தங்களுக்குப் பங்கு குறைவாக வருகிறது என்று குறைப்படுகிறார்கள். பிறகு அந்த மர்ம சமிக்ஞை வருகிறது. அறிவுள்ள உயிர்கள் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றும் எந்தச் சமிக்ஞையையும் போய்ப் பார்த்தாக வேண்டும், மறுத்தால் மொத்தப் பங்கும் பறிபோகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருப்பதை ஆஷ் நினைவூட்டுகிறார். பார்க்கர் வாயை மூடிக்கொள்கிறார். ‘அங்கே ஏன் போனார்கள்?’ என்ற பழைய கேள்விக்கு இதைவிட நம்பத்தகுந்த பதிலை இந்த வகைப் படங்களில் நான் பார்த்ததில்லை. ஆர்வம், அறிவுத் தாகம், மனிதகுல முன்னேற்றம் என்று எதையும் இழுக்கவில்லை. போகாவிட்டால் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

திரைக்கதையின் மூல ஆசிரியர் டான் ஓ’பேனன். கதையை அவரும் ரொனால்ட் ஷுசெட்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஜந்துவின் ரத்தம் அமிலம் என்ற யோசனையை ஓவிய வடிவமைப்பாளர் ரான் காப் கொடுத்ததாக ஓ’பேனன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்க ஒரு வினோதமான அலங்காரம்போல இருக்கும் இந்த ஒரே யோசனை, பாத்திரங்களின் நடத்தையில் இருக்கக்கூடிய பெரிய ஓட்டையை அடைத்துவிடுகிறது. ‘சுட்டுத் தள்ள வேண்டியதுதானே?’ சுட முடியாது. கேனின் முகத்தில் ஒட்டியிருப்பதன் காலை லேசாக வெட்டியதற்கே அமிலம் தரையைத் தின்று, அடுத்த தளத்தின் கூரை வழியாகச் சொட்டி, அதற்கும் கீழே இறங்குகிறது. கப்பலின் வெளிச்சுவரும் ஓட்டையாகிவிடுமோ என்று ஒவ்வொரு தளமாகப் பின்னாலேயே ஓடுகிறார்கள். அமிலம் நின்றதும் டாலஸ் அந்தத் துளையில் ஒரு பேனாவை விட்டுக் குடைந்து பார்க்கிறார். வேலைக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். இதற்குப் பிறகு அவர்கள் வலை, மாடு விரட்டும் மின்தடி, தீ உமிழும் கருவி என்று கையில் எடுப்பது எல்லாமே ‘ரத்தம் சிந்தாமல் விரட்டி வெளியே தள்ள வேண்டும்’ என்ற ஒரே கட்டாயத்திலிருந்து வருகிறது.

பிரெட் தனியாகப் பூனையைத் தேடிப் போவதை இந்தப் படத்தின் லாஜிக் ஓட்டையாகப் பலரும் சொல்வார்கள். பிரெட்டுக்கு அப்போது என்ன தெரியும்? அவர் கடைசியாகப் பார்த்தது சாப்பாட்டு மேசையிலிருந்து பாய்ந்து ஓடிய ஒரு சின்னஞ்சிறு ஜந்து. சில மணி நேரத்தில் அது ஆளைவிட உயரமாக வளர்ந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பூனையைப் பிடிக்காவிட்டால் நடமாட்டம் காட்டும் கருவி மறுபடியும் அதையே காட்டும் என்பதும் சரியான காரணம்தான். ஆளுயரப் பூதம் அலைகிற இடத்துக்குத் தனியாகப் போனவர் என்று நாம் அவரைப் பார்க்கிறோம். எலி அளவு ஜந்து இருக்கும் இடத்துக்குப் பூனையைத் தேடிப் போனவர் அவர்.

ஆனால் ரிப்ளி கடைசியில் அதே பூனைக்காக நேரம் செலவழிப்பதை என்னால் இவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை. தனியாக மிஞ்சப்போகிற ஒருவருக்குத் துணை வேண்டும் என்று விளக்கலாம். மனம் அப்படி வேலை செய்யக்கூடியதுதான். இருந்தாலும் படத்தில் ஜோன்ஸ் என்ற அந்தப் பூனை எங்கெல்லாம் வருகிறது என்று கணக்குப் பார்த்தால் சந்தேகம் வரும். ஆளைப் பிரிக்க வேண்டுமா, பொய்யாக ஒரு முறை தூக்கிவாரிப்போட வேண்டுமா, தப்பிப்பதைத் தாமதப்படுத்த வேண்டுமா, உடனே பூனை ஆஜர். நாஸ்ட்ரோமோவில் மற்ற எல்லோரும் கம்பெனியிடம் சம்பளம் வாங்க, ஜோன்ஸ் மட்டும் திரைக்கதை ஆசிரியரிடம் வாங்குகிறது.

கதவுக் காட்சிக்கு ஒரு மறுப்பு உண்டு. பயிற்சி பெற்றவர்கள் தனிமைப்படுத்தும் விதியை இவ்வளவு சுலபமாக மீறுவார்களா? இதற்குப் பதில் சொல்லத் திரைப்படமே வேண்டாம். 1969 ஜூலையில் அப்போலோ 11 நிலவிலிருந்து திரும்பியபோது, நிலவுக் கிருமி ஏதாவது வந்துவிடுமோ என்று மூன்று பேரையும் 21 நாள் தனிமையில் வைக்கும் ஏற்பாடு இருந்தது. ஹார்னெட் கப்பலில் அவர்களுக்காகவே மூடிய ஊர்தி ஒன்றும், ஹூஸ்டனில் தனிக் கூடமும் தயாராக இருந்தன. ஆனால் அந்தக் கூண்டுக்குள் அவர்கள் போய்ச் சேருவதற்கு முன்பே, பசிபிக் கடலில் மிதந்துகொண்டிருந்த கலத்தின் கதவைத் திறந்துதான் தனிமை உடைகளை உள்ளே கொடுத்தார்கள். கிருமி என்று ஒன்று உண்மையிலேயே இருந்திருந்தால் அது அந்த நிமிடமே கடலில் இறங்கியிருக்கும். மூடிய கலத்தில் வெயிலிலும் அலையிலும் ஆட்களை நெடுநேரம் அடைத்துவைப்பது ஆபத்து என்பதால் செய்த சமரசம் அது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, உலகின் கெட்டிக்காரப் பொறியாளர்கள் போட்ட விதியே மனிதாபிமானத்துக்காக வாசலில் வளைந்துகொடுத்தது. டாலஸ் கேட்டதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

சில தப்புகளுக்கு இவ்வளவு பெரிய நியாயமும் தேவையில்லை, பயமே போதும். ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்து, கிறிஸ்டியன் நைபி பெயரில் 1951-இல் வந்த ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ படத்தில் ஒரு காவலாள் வருகிறார். பனிக்கட்டிக்குள் உறைந்த வேற்றுக்கிரகவாசிக்குக் காவல். பனி தெளியத் தெளிய உள்ளிருந்து அந்தக் கண்கள் தன்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. தாங்க முடியாமல், கையில் கிடைத்த போர்வையைத் தூக்கிப் பனிக்கட்டியின் மேல் போட்டு மூடிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். அது மின்சாரப் போர்வை, இணைப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. பனி உருகிச் சொட்ட ஆரம்பிக்கிறது. முட்டாள்தனம் என்று சொல்லிப் பாருங்கள், வாய் வராது. பயந்தவன் பயத்தை மறைக்கச் செய்த காரியமே பயத்தை அவிழ்த்துவிடுகிறது. இத்தனைக்கும் வசனமே இல்லை.

அந்த 1951 படத்தில் மற்றபடி எல்லோரும் மிகவும் கெட்டிக்காரர்கள். ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டே சட்டென்று முடிவெடுக்கிறார்கள். வந்திருப்பது தாவர இனம் என்று தெரிந்ததும், அதைக் கொல்ல என்ன வழி என்று ஆண்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நிக்கி என்ற பெண் காய்கறியை என்ன செய்வோமோ அதைச் செய்யுங்கள், வேகவையுங்கள், வறுத்துவிடுங்கள் என்கிறார். மின்சாரப் பொறி வைத்து ஜந்துவைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். நடத்தையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பயமும் அந்த அளவுக்குத்தான். இவர்கள் எப்படியும் சமாளித்துவிடுவார்கள் என்று பாதிப் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. பாத்திரங்கள் சரியாக நடந்துகொண்டால் மட்டும் திகில் படம் தேறிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். நான் விரும்பிப் பார்க்கும் படமும்கூட.

ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938-இல் எழுதிய ‘ஹூ கோஸ் தேர்?’ என்ற குறுநாவல்தான் அந்தப் படத்துக்கு மூலம். ஆனால் ஹாக்ஸ் அதன் உயிர்நாடியை விட்டுவிட்டார்: வந்த ஜந்து யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பது. அதை மீண்டும் எடுத்துக்கொண்டு 1982-இல் ஜான் கார்ப்பென்டர் ‘தி திங்’ எடுத்தார். அண்டார்டிகாவில் ஒரு முகாம், 12 ஆண்கள், அவர்களில் யார் மனிதர் என்று தெரியாத நிலை. ‘இ.டி.’ வந்து இரண்டு வாரத்தில் வெளியானது. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்தக் கோடையில் படம் எடுபடவில்லை. சிகாகோ விமர்சகர் ராஜர் ஈபர்ட் இரண்டு குறைகளைச் சொன்னார்: பாத்திரங்கள் மேலோட்டமாக இருக்கிறார்கள், அந்த விஞ்ஞானிகளின் நடத்தை நம்பும்படி இல்லை. எப்போதும் ஜோடியாகவே இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் தீர்ந்தது, இவர்களோ திரும்பத் திரும்பத் தனித்தனியாகப் போய்வருகிறார்கள் என்பது அவர் வாதம்.

ஈபர்ட் லேசாகத் தள்ளிவிடக்கூடியவர் அல்ல. சில இடங்களில் அவர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. பென்னிங்ஸை உருகும் பிணத்தோடு கிடங்கில் தனியாக விட்டுவிட்டு வின்டோஸ் சாவி எடுக்கப் போகிறார்; திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இதையாவது ஏற்கலாம், ஆபத்தின் முழு அளவு அப்போது தெரியாது. ஃபூக்ஸ் விஷயம் வேறு. ஒரு துகள் போதும், முழு ஆளும் மாறிவிடுவான், அதனால் ஒவ்வொருவரும் தன் சாப்பாட்டைத் தானே சமைக்க வேண்டும், டப்பா உணவு மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று எச்சரித்தவரே ஃபூக்ஸ்தான். அவரே மின்சாரம் போன இருட்டில் ஒரு நிழலைப் பின்தொடர்ந்து தனியாக வெளியே பனியில் இறங்குகிறார். அங்கே நடப்பது ஃபூக்ஸின் கால் இல்லை, திரைக்கதையின் கால்.

ஆனால் ஈபர்ட் சொன்ன மருந்து இந்த நோய்க்குக் கேட்காது. இரண்டு பேரை ஜோடியாக அனுப்பினால், ஒருவர் ஏற்கெனவே அந்த ஜந்துவாக இருந்தால் மற்றவர் தீர்ந்தார். திரும்பி வருவதும் இரண்டு பேர்தான். ஜோடியாகப் போனார்கள், ஜோடியாக வந்துவிட்டார்கள் என்று முகாம் நிம்மதியாக இருக்கும். இந்தப் படத்தில் தனிமையும் ஆபத்து, துணையும் ஆபத்து. எனவே ஆட்கள் ஒன்றாக இருப்பதும் பிரிவதுமாகத் தடுமாறுவது கார்ப்பென்டரின் கவனக்குறைவு என்று சொல்வதைவிட, தீர்வே இல்லாத கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்களின் தடுமாற்றம் என்று சொல்வதே பொருத்தம்.

அந்தக் கணக்கை நிஜமாகவே போட்டவர் ஒருவர் இருக்கிறார்: உயிரியலாளர் பிளேர். கணினி அவருக்குச் சொல்கிறது, குழுவில் ஒருவருக்காவது தொற்றியிருக்க 75 சதவீத வாய்ப்பு. ஜந்து மக்கள் வாழும் பகுதியை எட்டிவிட்டால் 27,000 மணி நேரத்தில் உலகமே அதுவாகிவிடும். மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். பிளேர் எழுந்து போய் ஹெலிகாப்டரை நாசமாக்குகிறார், வானொலியைக் கோடாலியால் உடைக்கிறார், நாய்களைக் கொல்கிறார், துப்பாக்கியால் சுடுகிறார். படத்திலேயே மிகப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் நடத்தை இது. மிகத் தர்க்கபூர்வமான நடத்தையும் இதுவே. உலகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்த முகாமிலிருந்து ஒருவரும் வெளியேறக் கூடாது. மற்றவர்கள் அவரை மடக்கிப் பிடித்துக் கருவிக் கொட்டகையில் அடைக்கிறார்கள். அவர்களும் சரிதான், சுடுகிறவனை வேறென்ன செய்வது? ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தனியே போட்டுவிட்டுக் கிட்டத்தட்ட மறந்துபோகிறார்களே, அது மன்னிக்க முடியாதது. எட்டிப் பார்க்கும் முகாம் சகா மெக்ரெடியிடம், நான் சரியாகிவிட்டேன், உள்ளே வந்துவிடுகிறேன் என்று பிளேர் சாந்தமாகக் கேட்கும்போது பார்ப்பவனுக்குக் குலை நடுங்குகிறது. பாத்திரத்தின் கவனக்குறைவா, படத்தின் வசதியா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத இடம் இது.

ரத்தப் பரிசோதனைக் காட்சியை நின்று பார்க்க வேண்டும். மெக்ரெடி ஹெலிகாப்டர் ஓட்டி, விஞ்ஞானி இல்லை. ஜந்துவின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், சூடு பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளும் என்று ஊகிக்கிறார். ஆட்களைக் கட்டிப்போட்டு, கட்டைவிரலைக் கீறி, சின்னக் கண்ணாடித் தட்டுகளில் ரத்தம் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை ஒவ்வொன்றிலும் வைக்கிறார். முதலில் தேறியவர் வின்டோஸ். உடனே கட்டவிழ்த்து அவரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். பிறகு தன் ரத்தத்தையும் சோதிக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன் தன்மேல் பாய வந்ததால் மெக்ரெடி சுட்டுக் கொன்ற கிளார்க்கின் ரத்தம் அசையவில்லை. கிளார்க் மனிதர்தான். அப்படியானால் நீ கொலைகாரன் என்று சைல்ட்ஸ் சொல்ல, மெக்ரெடி பதில் பேசாமல் அடுத்த தட்டுக்கு நகர்கிறார். வேறு எந்தப் படமாக இருந்தாலும் இங்கே ஒரு குற்றவுணர்ச்சி வசனம் வந்திருக்கும். அடுத்த தட்டு பாமருடையது; ரத்தம் அலறிக்கொண்டு துள்ளுகிறது. பாமரோடு ஒரே சோபாவில் கட்டப்பட்டிருக்கும் சைல்ட்ஸும் காரியும் தப்பிக்க முடியாமல் கத்துகிறார்கள். எல்லாம் முடிந்து, காரி மனிதர் என்று தெரிந்ததும், அந்தப் பெரியவர் முதலில் நிதானமாகப் பேச ஆரம்பித்து, குளிர்காலம் முழுக்க இந்த சோபாவிலேயே கட்டிப்போடப் போகிறீர்களா என்று வெடிக்கிறார். செத்தவர்களுக்காக வருந்தவில்லை, உயிர் பிழைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லவில்லை. அவருக்கு உடனே வேண்டியது அந்தக் கயிறு அவிழ்வது. அத்தனை களேபரத்துக்கு நடுவில் அந்த எரிச்சல்தான் உண்மையாக ஒலிக்கிறது.

இதே காட்சியில் ஒரு ஓட்டை உண்டு. எல்லோர் விரலையும் ஒரே கத்தியால் கீறுகிறார்கள். இடையில் பேன்ட்டில் துடைத்துக்கொள்வதோடு சரி. ஒரு துகள் போதும் என்று ஃபூக்ஸ் சொன்னது என்ன ஆயிற்று? இதைப் படத்தின் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். முகாமின் மருத்துவர் காப்பர் அதற்குள் இறந்துவிட்டார். ஃபூக்ஸும் இல்லை. கத்தியைப் பிடித்திருப்பவர் வானொலி இயக்கும் வின்டோஸ். சுத்தம் தெரிந்த கைகள் எல்லாம் போன பிறகு நடக்கும் பரிசோதனை இது. கார்ப்பென்டரும் திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டரும் இதை யோசித்துச் செய்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாத்திரங்கள் தங்கள் தொழிலை ஒட்டி உறுதியாக வார்க்கப்பட்டிருந்தால், படத்தின் தற்செயலான தப்பைக்கூட அவர்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொள்வார்கள்.

ஆனால் தொழிலை வைத்தே ஆளை வார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. ஈபர்ட்டின் முதல் குறை இங்கே நிற்கிறது. நால்ஸ் சமையல்காரர், கிளார்க் நாய்களைப் பார்த்துக்கொள்பவர், வின்டோஸ் வானொலி. இவர்களுக்கு ஊரில் யார் இருக்கிறார்கள், எதற்காக இந்தப் பனிக்கு வந்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. ‘ஏலியன்’ படத்திலும் இதே கதை. நடத்தை நம்பும்படி இருக்கிறது. நடந்துகொள்பவர் யார் என்பது மங்கலாக இருக்கிறது. இந்தக் குறை இல்லாத படம் என்று டேவிட் க்ரோனென்பர்க்கின் ‘தி ஃப்ளை’ படத்தைச் சொல்லலாம். அங்கே 1986-இன் மிகப் பெரிய அறிவியல் அசட்டுத்தனம் நடக்கிறது: சேத் பிரண்டில் தன் பொருள்கடத்தும் எந்திரத்துக்குள் தானே ஏறிவிடுகிறார். பபூன் குரங்கை அனுப்பிப் பார்த்தாயிற்று, நலமாக வந்திருக்கிறது, முறையான சோதனைகள் பாக்கி. அன்றிரவு காதலி பழைய காதலனைப் பார்க்கப் போய்விட்டாள். தனியாகக் குடித்துவிட்டு, பொறாமை தலைக்கேறி, குரங்கிடம் புலம்பிவிட்டு உள்ளே போகிறார். கூடவே ஒரு ஈ. விஞ்ஞானி அப்படிச் செய்வாரா என்று யாரும் கேட்பதில்லை. குடித்த ஆண் என்ன செய்வான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ராபர்ட் வைஸின் ‘தி ஆண்ட்ரமீடா ஸ்ட்ரெய்ன்’ (1971) இன்னும் குளிர்ச்சியானது. ஐந்து தளங்களுக்குக் கிருமி நீக்கி இறங்கும் ரகசியக் கூடத்தில், அச்சு எந்திரத்தின் மணிக்கும் நாக்குக்கும் நடுவே ஒரு காகிதச் சில் மாட்டிக்கொண்டதால் அவசரச் செய்தி வந்ததே தெரியாமல் போகிறது. டாக்டர் லெவிட் தனக்கு வலிப்பு உண்டு என்பதை மறைத்திருக்கிறார். மினுக்கும் சிவப்பு விளக்கு அவரை உறையவைக்க, தேடிக்கொண்டிருந்த விடை கண்ணெதிரே கடந்துபோகிறது. வேலை போய்விடுமே என்று வியாதியை மறைக்காத ஊர் எது?

இனி ஆஷிடம் வருவோம். அவர் மனிதர் அல்ல, கம்பெனி அனுப்பிய எந்திரம். ஜந்துவைக் கொண்டுவா, ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்பது அவருக்கான உத்தரவு. இந்தப் பாத்திரத்தைத் தயாரிப்பாளர்களான வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும்தான் திரைக்கதையில் சேர்த்தார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது இதன் அழகு தெரியும். மேசைக் காட்சியில் பார்க்கர் கத்தியோடு நெருங்க, தொடாதே என்று ஆஷ் தடுப்பது முதல் முறை எச்சரிக்கையாகப் படும். மறுமுறை, மாதிரியைக் காப்பாற்றும் கம்பெனிக் குரலாகக் கேட்கும். ஆனால் இதில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. கதவைத் திறந்த பெரிய தப்பை எந்திரத்தின் தலையில் கட்டியதும், மனிதர்கள் எல்லோரும் கைகழுவிக்கொள்கிறார்கள். ஆஷ் வெறும் மனிதராக, சக ஊழியர்மேல் இரக்கப்பட்டு அதே கதவைத் திறந்திருந்தால் படம் இன்னும் கசப்பாக இருந்திருக்கும். பிற்காலப் படங்கள் இந்தக் குறுக்குவழியைத் தேயத் தேயப் பயன்படுத்தின. யாராவது ஒரு துரோகி, ஒரு பேராசைக் கம்பெனி அதிகாரி இருந்தால் போதும், மற்ற எல்லோரையும் தூய அறிவாளிகளாக வைத்துக்கொள்ளலாம்.

அதே ஸ்காட் 2012-இல் ‘ப்ராமிதியஸ்’ எடுத்தார். உயிரியலாளர் மில்பர்ன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த உடலைக் கண்டு மிரண்டு ஓடுகிறார். பிறகு படமெடுத்து நிற்கும் பாம்பு போன்ற உயிரைச் செல்லமாகக் கொஞ்சப் போகிறார். குகையை வரைபடமாக்கும் கருவிகளைப் பறக்கவிட்ட ஃபைஃபீல்டே வழி தெரியாமல் தொலைந்துபோகிறார். பட வெளியீட்டில் சேர்க்காமல் விட்ட ஒரு காட்சியில் மில்பர்ன் சின்னப் புழு ஒன்றைக் கண்டுபிடித்துக் குதூகலிப்பது இருக்கிறது. அதை வைத்திருந்தால் பிற்பாடு அவர் காட்டும் அசட்டுப் பாசத்துக்கு ஒரு வேர் கிடைத்திருக்கும். ஆனால் பயமா ஆசையா என்ற குழப்பம் அப்போதும் தீர்ந்திருக்காது. இந்தக் குழுவுக்கு ஒருவருக்கொருவர் பழக்கமில்லை, கூலிப் பேச்சு ஏதோ பேருக்கு, மேலதிகாரியிடம் பயமும் இல்லை. அதனால் ஒரு தப்பு நடக்கும்போது அதைச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. எழுதியவர்கள் மேல்தான் வந்து விழுகிறது.

கடைசியாக லாம்பர்ட். ‘ஏலியன்’ பற்றிப் பேசும்போது அழுமூஞ்சி என்று ஒதுக்கப்படுபவர் அவர். ஜந்து நெருங்கும்போது உறைந்து நிற்கிறார். அவர் குறுக்கே நிற்பதால் பார்க்கர் நெருப்பைப் பீச்ச முடியாமல் இருவருமே சாகிறார்கள். ஆனால் படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அந்நியக் கலத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விடலாம் என்று சொன்னவர் லாம்பர்ட். டாலஸ் போன பிறகு, சிறிய கலத்தில் ஏறித் தப்பிவிடலாம் என்று சொன்னவரும் அவர்தான். நான்கு பேருக்கு அது தாங்காது என்று ரிப்ளி மறுக்கிறார். ஆஷ் ஒழிந்து மூன்று பேரானதும் எல்லோரும் கையில் எடுப்பது அதே திட்டத்தைத்தான். ‘தி திங்’ படத்தில் வின்டோஸும் இப்படித்தான் கையில் தீக்கருவியோடு பாமர் முன்னால் உறைந்து நின்று சாகிறார். அவரை யாரும் அழுமூஞ்சி என்று சொன்னதில்லை. இரண்டு உறைதலும் ஒரே அளவு நம்பத்தகுந்தவை. ஓ’பேனனின் திரைக்கதையில் இந்தப் பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்ற குறிப்பே இருந்தது. படமாகும்போது அழுகையும் நடுக்கமும் மொத்தமாக லாம்பர்ட் கணக்கில் சேர்ந்துவிட்டன. சரியான யோசனைகளையெல்லாம் அவர் வாயில் வைத்த அதே படம், அவற்றை யாரும் காதில் வாங்காதபடி அவர் குரலையும் நடுங்கவைத்துவிட்டது.